எம்டன் ஏன் மெட்ராஸுக்கு வந்தது? - முதல் உலகப் போரின் வேர்கள்

“அவன் சரியான எம்டன்!” என்று நம் ஊர்ப்பக்கம் சொல்வார்களே, கேட்டிருப்பீர்கள். கண்டிப்பான அப்பா, தந்திரக்கார மாமா, யாருக்கும் பிடிகொடுக்காத மேனேஜர், எல்லோருமே எம்டன்தான். 2006-ல் ‘எம்டன் மகன்’ என்று ஒரு படத்துக்கே பேர் வைத்தார்கள். அப்புறம் தமிழ்ப் பேர் வைத்தால் வரிவிலக்கு என்பதற்காக அது ‘எம் மகன்’ ஆனது தனிக்கதை.

இங்கே தில்லியில் பிறந்து, இந்தியில் சண்டை போட்டு, இங்கிலீஷில் சமாதானமாகும் நம் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் வந்து சேரவில்லை. சொல்லிக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தால், “அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலோட பேரு” என்று ஆரம்பிக்க வேண்டும். உடனே அடுத்த கேள்வி வரும்: “ஜெர்மன் கப்பலுக்கு மெட்ராஸ்ல என்ன வேலை?”

நியாயமான கேள்வி. இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லப் போனால் முதல் உலகப் போர் ஏன் வந்தது என்பதையே சொல்ல வேண்டியிருக்கும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். ஒரு காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

1914 செப்டம்பர் 22 இரவு. காப்டன் கார்ல் ஃபான் முல்லரின் எம்டன் மெட்ராஸ் கடற்கரைக்கு எதிரே வந்து நின்றது. சில நிமிடங்களில் நூறுக்கும் மேற்பட்ட குண்டுகள். துறைமுகத்துப் பக்கம் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. பதிலடி ஒழுங்காகத் தொடங்குவதற்குள் கப்பல் இருட்டில் மறைந்துவிட்டது. உயிரிழப்பு குறைவுதான். ஆனால் பயம் பெரிது. மூட்டை முடிச்சோடு ஜனங்கள் ஊரைக் காலி செய்தார்கள். ஒரு ஜெர்மன் ஊரின் பெயர் தமிழில் வசைச்சொல்லாகவும் பாராட்டாகவும் ஒரே நேரத்தில் தங்கியது இப்படித்தான். ஐகோர்ட் மதில் சுவரில் இதற்கு ஒரு நினைவுக் கல்வெட்டு இருக்கிறது. அடுத்த தடவை லீவில் போகும்போது பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

சரி, இந்தக் கப்பல் எங்கிருந்து வந்தது? ஜெர்மனியிலிருந்து நேராக வரவில்லை. சீனாவில் இருந்த சிங்தாவ் துறைமுகத்திலிருந்து வந்தது. அங்கே ஜெர்மனிக்கு என்ன வேலை? 1897-ல் படையோடு போய் இறங்கி, 1898-ல் 99 வருடக் குத்தகை என்று சீனாவிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். பிரிட்டனிடம் இந்தியா இருக்கிறது, பிரான்சிடம் இந்தோசீனா இருக்கிறது, ரஷ்யாவிடம் பாதி ஆசியா இருக்கிறது, என்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்டது ஜெர்மனி. பந்திக்கு லேட்டாக வந்தவனின் கோபம் அது.

கப்பல் போட்டி

1898-ல் அட்மிரல் டிர்பிட்ஸின் யோசனைப்படி ஜெர்மனி பெரிய கடற்படை கட்டச் சட்டம் போட்டது. ஜெர்மனியைப் பொறுத்தவரை அது கௌரவப் பிரச்சினை. பிரிட்டனுக்கோ சோற்றுப் பிரச்சினை. அந்தத் தீவில் தின்னும் கோதுமையில் பெரும்பகுதி கப்பலில்தான் வந்தது. கடலை இன்னொருத்தன் மறித்தால் பட்டினிதான். அதனால் 1906-ல் ‘ட்ரெட்நாட்’ என்ற ராட்சசப் போர்க்கப்பலைக் கடலில் இறக்கினார்கள். அது வந்த அன்றைக்கு மற்ற எல்லாப் போர்க்கப்பல்களும் பழசாகிவிட்டன, பிரிட்டனுடையதும் சேர்த்துத்தான்! ஓட்டப்பந்தயம் மறுபடி முதல் கோட்டிலிருந்து ஆரம்பித்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. 1914-க்கு முன்பே பிரிட்டன் இந்தப் பந்தயத்தில் ஜெயித்துவிட்டது. தரையில் பிரான்சையும் ரஷ்யாவையும் சமாளிக்கப் பணம் வேண்டியிருந்ததால் ஜெர்மனி மூச்சு வாங்கிப் பின்தங்கிவிட்டது. ஆகவே கப்பல் போட்டிதான் போரைக் கொண்டுவந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் நூறு வருடமாக ஐரோப்பியச் சண்டைகளில் பட்டும் படாமலும் இருக்கப் பார்த்த பிரிட்டனை அது பிரான்ஸ் பக்கமாகத் தள்ளிவிட்டது. ஜெர்மனி காசு செலவழித்து சம்பாதித்த விரோதி பிரிட்டன்.

பழைய கணக்கு

இன்னும் கொஞ்சம் பின்னால் போவோம். 1871-ல் பிரஷ்யா பிரான்சைத் தோற்கடித்தது. அல்சேஸில் பெரும்பகுதியையும் லொரேனில் ஒரு பகுதியையும் பிடுங்கிக்கொண்டது, 500 கோடி ஃபிராங்க் தண்டம் கேட்டது. அது போதாதென்று, ஜெர்மன் சாம்ராஜ்யம் பிறந்ததாக அறிவித்த இடம் பிரான்சின் வெர்சாய் அரண்மனைக் கண்ணாடி மண்டபம். தோற்றவன் வீட்டுக் கூடத்திலேயே ஜெயித்தவன் பட்டாபிஷேகம் செய்துகொண்டால் எப்படி இருக்கும்? பிரான்ஸ் மறக்கவில்லை.

பிஸ்மார்க்குக்கு இது தெரியும். பிரான்சுக்குத் துணை கிடைக்காமல் பார்த்துக்கொள்வதே இருபது வருடம் அவருடைய வேலை. 1879-ல் ஆஸ்திரியாவோடு ஒப்பந்தம். 1882-ல் இத்தாலியையும் சேர்த்துக்கொண்டார். 1887-ல் ரஷ்யாவோடு ஒரு ரகசிய ஒப்பந்தம். 1890-ல் இளம் கெய்சர் இரண்டாம் வில்ஹெல்ம் பிஸ்மார்க்கை வீட்டுக்கு அனுப்பினார். ரஷ்ய ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படாமல் போனது. நாலே வருடத்தில், 1894-ல், ரஷ்யாவும் பிரான்சும் கை கோத்துவிட்டன. 1904-ல் பிரிட்டனும் பிரான்சும், 1907-ல் பிரிட்டனும் ரஷ்யாவும் பழைய தகராறுகளைப் பேசித் தீர்த்துக்கொண்டன. ஜெர்மனிக்கு இப்போது கிழக்கே ரஷ்யா, மேற்கே பிரான்ஸ், கடலில் பிரிட்டன். “என்னைச் சுத்தி வளைக்கிறாங்க” என்று புலம்ப ஆரம்பித்தது. அந்த வளையத்தில் பாதி ஜெர்மனியே கட்டியது என்பதை பெர்லினில் யாரும் பேசவில்லை.

தெற்கே ஒரு நெருப்பு

ஆஸ்திரியா-ஹங்கேரி 5 கோடி ஜனங்களும் பத்துக்கும் மேற்பட்ட மொழிகளும் கொண்ட சாம்ராஜ்யம். பல மொழிகளோடு வாழ்வது எப்படி என்று நமக்குத் தெரியும். ஆனால் அங்கே ஜெர்மன் மொழிக்காரர்களும் ஹங்கேரியர்களும் மேலே, மற்றவர்கள் கீழே என்ற ஏற்பாடு. ஸ்லாவ் மக்களுக்கு அதில் மூச்சு முட்டியது. பக்கத்திலேயே சுதந்திர செர்பியா. 1908-ல் ஆஸ்திரியா போஸ்னியாவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டபோது செர்பியா கொதித்தது. ஸ்லாவ்களின் பெரியண்ணனான ரஷ்யா ஆதரவுக்கு வந்தது. ஜெர்மனி உறுமியதும் 1909-ல் தலைகுனிந்து பின்வாங்கியது. 1912, 1913-ல் இரண்டு பால்கன் போர்கள். முடிவில் செர்பியா கிட்டத்தட்ட இரண்டு மடங்காக வளர்ந்து நின்றது. வியன்னாவில் தூக்கம் போனது.

மனப்பாடப் பதில் எங்கே இடிக்கிறது?

பள்ளிக்கூடத்தில் நாம் எழுதியது நினைவிருக்கிறதா? ராணுவ வெறி, கூட்டணிகள், ஏகாதிபத்தியம், தேசியவாதம். உடனடிக் காரணம் சரயேவோ கொலை. ஐந்து மார்க். இப்போதும் பிள்ளைகள் அதையேதான் எழுதுகிறார்கள். தப்பில்லை, ஆனால் பாதிதான்.

ஏனென்றால் இந்த நான்கும் 1905-ல் மொராக்கோவை வைத்துத் தகராறு வந்தபோதும் இருந்தன. 1908-லும் இருந்தன, 1911-ல் மறுபடி மொராக்கோவிலும் இருந்தன, பால்கன் போர்களின்போதும் இருந்தன. பெரிய போர் வரவில்லை. கூட்டணி என்றால் ஒருவன் விழுந்தால் எல்லோரும் விழ வேண்டும் என்றும் கிடையாது. இத்தாலி கூட்டணியில் இருந்துகொண்டே 1914-ல் ஒதுங்கி நின்றது, 1915-ல் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தது. அப்படியானால் 1914-ல் மட்டும் என்ன மாறியது?

நான் படித்ததை வைத்து எனக்குத் தோன்றுவது இதுதான். 1914-ல் ஒவ்வொரு நாடும், “நாளாக நாளாக நான் பலவீனமாவேன், எதிரி பலமாவான். சண்டை எப்படியும் வரப்போகிறது. அது இப்பவே வந்தால் எனக்கு நல்லது” என்ற கணக்குக்கு வந்திருந்தது.

ஒவ்வொருவராகப் பாருங்கள்.

ஜெர்மனி: மக்கள் தொகை 6.7 கோடி. இரும்பு எஃகு உற்பத்தியில் பிரிட்டனைப் போல இரண்டு மடங்கு. ஐரோப்பாவிலேயே வலுவான படை. ஆனாலும் ராத்திரியில் ரஷ்யா கனவில் வந்தது. 16 கோடிக்கு மேல் ஜனங்கள் உள்ள ரஷ்யா, பிரெஞ்சுக் கடனில் ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தது. 1917 வாக்கில் முடியும்படி பெரிய ராணுவ விரிவாக்கத் திட்டமும் போட்டிருந்தது. தளபதி மோல்ட்கே 1912 டிசம்பரிலேயே போர் சீக்கிரம் வந்தால் நல்லது என்று கெய்சரிடம் சொல்லிவிட்டார்.

ஆஸ்திரியா: செர்பியாவை இப்போது தட்டி வைக்காவிட்டால் சாம்ராஜ்யமே கலைந்துவிடும் என்ற பயம்.

ரஷ்யா: 1909-ல் பின்வாங்கினோம், இன்னொரு தடவை செர்பியாவைக் கைவிட்டால் பால்கனில் யாரும் நம்மை மதிக்க மாட்டார்கள் என்ற பயம்.

பிரான்ஸ்: ரஷ்யா இல்லாவிட்டால் ஜெர்மனி முன்னால் தனியாக நிற்க வேண்டும் என்ற பயம். ஜனத்தொகை வெறும் 4 கோடி.

பிரிட்டன்: ஒதுங்கி நின்று ஜெர்மனி ஜெயித்தால் எதிர்க்கரை முழுக்க அவன் கையில், பிரான்சும் ரஷ்யாவும் ஜெயித்தால் கைவிட்ட நம்மை இந்தியாவில் நிம்மதியாக விடுவார்களா என்ற பயம்.

ஐந்து பேரும் தற்காப்புக்காகவே கத்தியை எடுத்ததாக மனசார நம்பினார்கள். ஊரில் வரப்புத் தகராறு பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? “அவன் பையன் பெரியவனாகி வேலைக்குப் போய்ட்டா நம்மால முடியாது, இப்பவே ஒரு வழி பண்ணிடணும்” என்று ஒருத்தர் சொல்லும் இடத்தில்தான் அரிவாள் வரும். நிலத்தின் அளவுக்கும் அதற்கும் அநேகமாகச் சம்பந்தமே இருக்காது.

அந்த 37 நாட்கள்

1914 ஜூன் 28. சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டையும் மனைவி சோஃபியையும் 19 வயது காவ்ரிலோ பிரின்சிப் சுட்டுக் கொன்றான். வேடிக்கை என்னவென்றால், செர்பியாவோடு போர் வேண்டாம் என்று வியன்னாவில் சொல்லிக்கொண்டிருந்தவர்களில் முக்கியமானவர் இந்த இளவரசர்தான். அவர் போனதும் தடுக்க ஆள் இல்லை.

ஜூலை 5, 6 தேதிகளில் ஜெர்மனி ஆஸ்திரியாவிடம் “நீ என்ன செய்தாலும் நான் உன் பக்கம்” என்று வாக்குக் கொடுத்தது. தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்ட செக். ஜூலை 23-ல் ஆஸ்திரியா 10 நிபந்தனைகளோடு செர்பியாவுக்கு ஓலை அனுப்பியது. கெடு 48 மணி நேரம். ஏற்க முடியாதபடி பார்த்துப் பார்த்து எழுதிய ஓலை. செர்பியா அப்படியும் பெரும்பாலானவற்றுக்குத் தலையாட்டியது. ஜூலை 28 காலையில் அந்தப் பதிலைப் படித்த கெய்சரே, இனி போருக்குக் காரணம் இல்லை என்று குறிப்பு எழுதினார். அன்றைக்கே ஆஸ்திரியா போர் அறிவித்துவிட்டது.

பாரதத்தில் போருக்கு முன் கண்ணன் தூது போனார், சபை கூடியது, ஐந்து ஊராவது கொடு என்று பேரம் நடந்தது. இங்கே அதுகூட நடக்கவில்லை. பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் கிரே, எல்லோரும் உட்கார்ந்து பேசலாம் என்று ஜூலை 26-ல் கூப்பிட்டார். ஜெர்மனி மறுத்தது.

இத்தனைக்கும் அவர்கள் அந்நியர்களா? பிரிட்டிஷ் மன்னர் ஜார்ஜுக்கு ஜெர்மன் கெய்சர் அத்தை மகன். ஜார்ஜும் ரஷ்ய ஜார் நிக்கோலஸும் அக்கா தங்கை பிள்ளைகள். ஜாரின் மனைவி கெய்சருக்குச் சித்தி மகள். அதாவது கெய்சருக்கு ஜார் தங்கை புருஷன்! அந்த வாரம் முழுக்க “வில்லி”, “நிக்கி” என்று கையெழுத்துப் போட்டு இரண்டு பேரும் தந்தி அனுப்பிக்கொண்டார்கள். ஜூலை 29 இரவு கெய்சரின் தந்தியைப் பார்த்து, முழுப்படை திரட்டும் உத்தரவை ஜார் நிறுத்தியும் வைத்தார். மறுநாள் அமைச்சரும் தளபதிகளும் நெருக்கினார்கள். ஜார் மறுபடி கையெழுத்துப் போட்டார்.

ஏன் அந்த அவசரம்? ரயில் டைம்டேபிள்! லட்சக்கணக்கான சிப்பாய்களையும் குதிரைகளையும் எல்லைக்குக் கொண்டுபோக நிமிஷக் கணக்கில் அட்டவணை. ரஷ்யா மெதுவாகத்தான் திரளும், அதற்குள் ஆறு வாரத்தில் பிரான்சை முடித்துவிட்டுத் திரும்பி ரஷ்யாவைப் பார்க்கலாம் என்பது ஜெர்மன் திட்டம். அதனால் ரஷ்யா ஒரு நாள் முந்தினாலும் திட்டம் கெட்டது. ஆகஸ்ட் 1-ல் கெய்சர் திடீரென்று, “பிரான்ஸ் வேண்டாம், படையைக் கிழக்கே மட்டும் திருப்ப முடியுமா?” என்று கேட்டார். வருடக்கணக்கில் போட்ட அட்டவணை, மாற்ற முடியாது என்றார் மோல்ட்கே. சரயேவோவில் நடந்த கொலைக்காக ஜெர்மன் படை போய் இறங்கியது பெல்ஜியத்தில்! அந்த நாட்டின் நடுநிலைக்கு 1839-லேயே பிரிட்டனும் கையெழுத்திட்டிருந்தது. ஆகஸ்ட் 4 இரவு பிரிட்டனும் இறங்கியது.

பிறகு நடந்தது தெரியும். நாலு வருடம், ஏறத்தாழ 90 லட்சம் சிப்பாய்கள் பலி, நான்கு சாம்ராஜ்யங்கள் காலி. 1917-க்குள் பலமாகிவிடும் என்று ஜெர்மனி பயந்த ரஷ்யாவில் 1917-ல் புரட்சி வந்து ஜார் ஆட்சியே போய்விட்டது. சும்மா காத்திருந்தால் எந்தப் பயம் நிஜமாகியிருக்கும், எது ஆகியிருக்காது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

யார் குற்றவாளி?

1919 வெர்சாய் ஒப்பந்தத்தின் 231-ஆம் பிரிவு ஜெர்மனியையும் அதன் கூட்டாளிகளையும் பொறுப்பாக்கியது. 1961-ல் ஃபிரிட்ஸ் ஃபிஷர் என்ற ஜெர்மன் வரலாற்றாசிரியரே ஜெர்மனியின் பங்குதான் பெரிது என்று எழுதி, சொந்த நாட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டார். 2012-ல் கிறிஸ்டோபர் கிளார்க் எல்லோருமே தூக்கத்தில் நடந்தவர்கள் என்றார். சண்டை இன்னும் ஓயவில்லை.

என் கட்சி நடுவில். தூக்கத்தில் நடந்தார்கள் என்பது எனக்கு ரொம்ப சலுகையாகத் தெரிகிறது. வெற்றுச் செக் கொடுத்தவர் விழித்துக்கொண்டுதான் கொடுத்தார். ஏற்க முடியாத ஓலை எழுதியவர்களும் விழித்துக்கொண்டுதான் எழுதினார்கள். அந்த இரண்டுக்கும் பெர்லினும் வியன்னாவும்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அவர்களைப் பிடித்திருந்த பயம் மற்ற தலைநகரங்களிலும் இருந்தது. அதனால்தான் யாரும் நிறுத்தவில்லை.

கேட்காமலே சேர்க்கப்பட்டவர்கள்

இந்தக் கணக்கில் நம்மை யாரும் கேட்கவில்லை. மன்னர் போர் அறிவித்தார், இந்தியாவும் போரில் இருந்தது, அவ்வளவுதான். செப்டம்பர் கடைசியில் இந்தியச் சிப்பாய்கள் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கினார்கள். அக்டோபரில் பெல்ஜியக் குளிரில் சண்டை போட்டார்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினர் மெசபடோமியா போனார்கள். மொத்தம் 13 லட்சம் பேர் சேவை செய்தார்கள், 74 ஆயிரம் பேர் வரை திரும்பவில்லை. அல்சேஸ் எங்கே, செர்பியா எங்கே என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

ஊரிலிருந்து உறவினர்கள் வந்தால் இந்தியா கேட்டுக்கு அழைத்துப் போகிறோம். பஞ்சுமிட்டாய், பலூன், போட்டோ. 1931-ல் திறந்த அந்த வளைவின் கல்லில் 13 ஆயிரத்துக்கு மேல் பெயர்கள் செதுக்கியிருக்கிறது. போட்டோ எடுத்த பிறகு பிள்ளைகளோடு ஐந்து நிமிடம் நின்று அதில் பத்துப் பெயராவது படியுங்கள்.

ஒரு நல்ல செய்தியும் சொல்லிவிடுகிறேன். 1962-ல் பார்பரா டக்மன் என்பவர் இந்த 1914 ஆகஸ்ட் மாதத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அமெரிக்க அதிபர் கென்னடி அதைப் படித்திருந்தார். அதே வருடம் அக்டோபரில் கியூபாவில் ரஷ்ய ஏவுகணைகள் வந்தபோது, இப்பவே அடித்துவிடலாம், தாமதித்தால் முடியாது என்று தளபதிகள் அவரை நெருக்கினார்கள். அவர் நாள் கடத்தினார், எதிராளி கௌரவமாகப் பின்வாங்க வழி விட்டார். உலகம் தப்பித்தது. மறு வருடமே வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் இடையே நேரடித் தகவல் இணைப்பு போட்டார்கள்.

ஆகவே பிள்ளைகள் பரீட்சையில் அந்த நான்கு காரணங்களையும் எழுதட்டும், மார்க் வேண்டுமே. வீட்டில் ஐந்தாவதாக ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள். “இப்ப விட்டா அப்புறம் முடியாது” என்று டிவியில் யாராவது மேஜையைத் தட்டிப் பேசினால், அவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் சரி, “அப்புறம் என்ன ஆகும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்கப் பழக்குங்கள்.